மேல, கீழ, கடல் பக்கம்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
20 ஜனவரி 2024

அன்புள்ள மருமகன் கலைச்செல்வனுக்கு,

மாமா கலியபெருமாள் எழுதுவது. பஹ்ரைன் கடலின் உப்பும் காற்றும் உன் உடம்பை வாட்டாமல் இருக்க வேண்டும். எனக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கிறது. போனில் நீ பேசுவது மட்டும் குழாய்க்குள் யாரோ முனகுவது போல இருக்கிறது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுப் பெண் இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், நீ எழுதி அனுப்புவதையும் அவளே என்னிடம் காட்டுவாள். படகு கரைக்கு வந்ததும் படி.

விஷயம் கலைந்துவிடாமல் இருக்க முதலில் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த வேலை
2. யாருக்குப் பலன் அதிகம் என்று நான் கண்டவை
3. பலகை
4. உன் அம்மா

முதலாவது. இங்கே தர்மத்துக்கு நடக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரியில் புரை எடுக்கக் காத்திருப்பவர்கள் ஏராளம். அறுவை செய்வதோ ஒரே ஒரு டாக்டர், சத்யப்பிரியா அம்மா. பழைய நோயாளிகளின் தாள்களைப் பார்த்து, எப்படிப்பட்டவர்களுக்குப் பலன் அதிகம் கிடைத்தது என்று சொன்னால் அப்படிப்பட்டவர்களை முதலில் கூப்பிடலாம் என்றார். நான் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் வரவில்லை.

இரண்டாவது. இரண்டு கண்ணும் மங்கியவர்கள் மிக அதிகமாகத் தேறுகிறார்கள். கண்ணின் பின்நரம்பு கெட்டிருந்தால் புரையை எடுத்தும் பலன் இல்லை. வீட்டில் சொட்டு மருந்து விட ஆள் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஒரு கண்ணை ஏற்கெனவே இழந்தவர்கள் கதை வேறு. இருக்கும் கண்ணில் பார்வை இல்லையென்றால் அவர்கள்தான் முதலில். பார்வை நன்றாக இருந்தால் அந்தக் கண்ணில் கத்தி வைக்கவே கூடாது. இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது?

மூன்றாவது. மேலே சொன்ன எல்லாம் பார்வைப் பலகையை வைத்துத்தான் நிற்கிறது. நோயாளி நன்றாக இருக்கிறது என்பார், துணைக்கு வந்தவர் ஒன்றும் தெரியவில்லை என்பார். மனிதர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். பலகை பொய் சொல்லாது. ஆகவே அதற்குத்தான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

நான்காவது. அக்காவின் இடது கண் சிறு வயதில் அம்மையில் போனது உனக்குத் தெரியும். இப்போது வலது கண்ணிலும் புரை. பொங்கலுக்குக் கனகசெட்டிக்குளம் போயிருந்தேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "மீட்டர் பின்னாடி இருக்கு, போய் பாத்துக்க" என்றாள். கரண்ட் பில் எடுக்க வந்தவன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு, கேலிக்குச் சொன்னேன் என்று சமாளித்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா
கலியபெருமாள்

---

பஹ்ரைன்
8 பிப்ரவரி 2024

மாமாவுக்கு கலை வணக்கம் சொல்லிக்கிறேன். நான் நல்லா இருக்கேன். கயிறு அறுத்து உள்ளங்கை மட்டும் புண்ணு, ஆறிடும். நீங்க பிரஷர் மாத்திரையை விடாம போடுறீங்களா?

கரண்ட் பில்லு விஷயத்தைப் படிச்சிட்டு நானும் கூட இருக்கிற பசங்களும் சிரிச்சோம். அப்புறம் படுக்கப் போனப்ப சிரிப்பு வரல.

அம்மா எங்கிட்ட எதுவும் சொல்லாது மாமா. வீடியோவுல பேசினா, கேமராவைப் பாக்காம வேற எங்கியோ பாத்துக்கிட்டுப் பேசுது. நான் போன தடவை வந்துட்டுப் போயி மூணு வருஷம் ஆவப்போவுது. இன்னும் ஒரு வருஷம் முதலாளி விட மாட்டான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க உள்ளயே இருக்கீங்க. டாக்டரம்மாகிட்ட எங்க அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.

உங்க அன்புள்ள,
கலை

---

நெல்லித்தோப்பு
20 பிப்ரவரி 2024

அன்புள்ள கலைச்செல்வனுக்கு,

உன் கைப்புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். மாத்திரை தவறாமல் போடுகிறேன்.

நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை டாக்டர் அறை வாசல் வரை போனேன். வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவனே தன் அக்காவை முன்னால் தள்ளினால், அந்த வரிசைக்கு என்ன மரியாதை? உனக்குக் கோபம் வரும். எனக்கே இது நேர்மையா, பயமா என்று விளங்கவில்லை.

ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வரும் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடக்கிறது. அக்காவைத் தயார் செய்ய நேற்றுப் போய் வந்தேன். பயந்துபோயிருந்தாள். "எனக்கு எழுத்தே தெரியாது. என்னாத்தப் படிக்கிறது?" என்றாள். படிக்கத் தேவையில்லை, மூன்று கால் உள்ள ஓர் எழுத்து இருக்கும், கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதைச் சொன்னால் போதும் என்று கையை விரித்துக் காட்டினேன். பரீட்சை மாதிரிதான் அக்கா, பதற்றப்படாமல் சொல் என்றேன்.

"பெயிலாயிட்டா?"

நீயாவது பெயிலாவதாவது என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மீன் ஏலத்தில் ஆண்களையே அலறவைத்தவள், இதற்குப் போய் இவ்வளவு பயப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

---

நெல்லித்தோப்பு
4 மார்ச் 2024

அன்புள்ள கலைச்செல்வனுக்கு,

நலமாக இருக்கிறாயா? எனக்கு முழங்கால் வலி தவிர வேறு தொந்தரவு இல்லை.

முகாம் முடிந்தது. நான் உள்ளறையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், அக்காவைச் சோதித்தபோது பக்கத்தில் இல்லை. அவள் தாள் என் கைக்கு வந்தபோது இரண்டு முறை பெயரைப் பார்த்தேன். பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை ஒரு பிழை இல்லாமல் சொல்லியிருக்கிறாள். அவள் வயதில் இது நல்ல பார்வை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். புரை இருக்கிறது, கொஞ்சம் தடித்தும் இருக்கிறது என்றார். ஆனால் இருப்பது ஒரே கண், இவ்வளவு தெரிகிறபோது தொட வேண்டாம், மழைக்காலம் முடிந்து பார்க்கலாம் என்று எழுதினார். என் கணக்கும் அதையே சொன்னது. பிறகு கூப்பிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வெளியே வரும்போது செருப்பைக் காலால் துழாவித்தான் கண்டுபிடித்தாள். நான் எதிரே நின்றும், நான் வாய் திறந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். எனக்குச் சற்று உறுத்தியது. ஆனால் மேகமூட்டமான நாள், தாழ்வாரம் வேறு இருட்டு. என் உறுத்தலை நம்புவதா, பலகையை நம்புவதா? நான் என்னை நம்பிப் பழக்கமில்லாதவன்.

நிம்மதியாக இரு.

மாமா

---

கனகசெட்டிக்குளம்
12 மார்ச் 2024

எங் கண்ணு கலைக்கு,

அம்மா செல்வாம்பாள் சொல்ல சொல்ல பக்கத்து வூட்டு சுமலதா எழுதுறா. நான் சொல்றத அப்படியே எழுதுடீ, திருத்தி எழுதுனன்னா கொழம்பு கெடையாதுன்னு சொல்லியிருக்கேன். நீ வேளா வேளைக்குத் தின்றியா? கைப்புண்ணுக்கு மஞ்ச வச்சியா? எனக்கு ஒரு கொறையும் இல்ல.

உங்க மாமன், பெரிய தொரை முசே, அவரு மட்டுந்தான் லெட்டர் போடுவாரா, நானும் போடுவேன். போன்ல சொன்னா நீ நடுவுல கத்துவ. அதான்.

கண்ணு முகாமுக்குப் போனேன். பலகை மாட்டியிருக்குன்னாங்க. எனக்கு செவுரே பால்ல மூழ்குன மாதிரி கெடக்குது, பலகைய எங்க பாக்குறது? வரிசைல எனக்கு முன்னாடி ஆயம்மா, அவளுக்கு முன்னாடி வேம்பு பொண்டாட்டி, இன்னும் நாலஞ்சி பேரு. காதக் குடுத்துக் கேட்டேன். எல்லாரும் ஒரே பாட்டத்தான் சொல்றாளுவ. மேல, கீழ, கடல் பக்கம், ஊரு பக்கம், திரும்பக் கீழ. கண்ணு நல்லா இருக்கறவளுவ அடிவரைக்கும் போனாளுவ. அதையும் புடிச்சிக்கிட்டேன். ஏலத்துல ஒவ்வொருத்தன் கேட்ட வெலையையும் காயிதம் இல்லாம மனசுல வச்சிருந்தவ நானு. இது எம்மாத்திரம்.

எம் மொற வந்திச்சி. குச்சி தட்டுற சத்தத்துக்கு ஒண்ணா கடகடன்னு சொல்லிட்டேன். குச்சி வச்சிருந்த பொண்ணு, ஆயா, என்னவிட உங்களுக்கு நல்லா தெரியுதேன்னிச்சி. கடைசி வரிய மட்டும் தெரியலன்னு வுட்டுட்டேன். எல்லாத்தையும் சொன்னா சந்தேகம் வரும் பாரு.

பாசு பண்ணிட்டேன்டா. ஆபரேசனுக்குக் கூப்புடுவாங்கன்னு மாமனே சொல்லிட்டான். அவங்கிட்ட இதச் சொல்லிடாத. காப்பி அடிச்சேன்னு தெரிஞ்சா அவன் மனசு தாங்காது, நேராப் போயி எம் பேர அடிச்சிட்டு வந்துருவான்.

போன்ல உன் மூஞ்சி வெறும் வெளிச்சமாத்தான் இருக்குது. தாடி வச்சிருக்கியாமே, சுமலதா சொல்றா. கண்ணு வந்ததும் மொதல்ல அதப் பாக்கணும். நல்லா இல்லன்னா எடுத்துடணும், இப்பவே சொல்லிட்டேன்.

அம்மா

---

நெல்லித்தோப்பு
22 ஏப்ரல் 2024

அன்புள்ள கலைச்செல்வனுக்கு,

எங்கே இருக்கிறாய்? உடம்பு எப்படி இருக்கிறது? மார்ச் மாதம் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. உன் போனும் போகவில்லை என்கிறாள் சுமலதா. அக்கா, பெரிய மீன்பாடாக இருக்கும், மீன் தள்ளிப் போயிருக்கும் என்று மற்றவர்களுக்குத் தைரியம் சொல்கிறாள்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் உங்கள் ஊர்க் கரை அமைதியாக இருக்கிறது. நேற்றுப் போயிருந்தேன். அக்கா நெற்றியில் தைலத்தைப் பூசிக்கொண்டு படுத்திருந்தாள். வெயிலில் தலைவலி என்றாள். இன்னும் கூப்பிடவில்லையா என்று கேட்டாள். போகும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறாள். ஆயம்மாளின் மருமகள், முகாமில் அக்காவுக்குப் பின்னால் நின்றவள், பலகையில் இரண்டு வரிகூடச் சொல்லவில்லையாம், அவளுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதில் அக்காவுக்குக் குறை.

"பாசானவளத்தான மொதல்ல கூப்புடணும்?" என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். உனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது அக்கா, அதனால்தான் அவசரம் இல்லை என்றேன்.  அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று எழுந்து வந்தேன்.

கரைக்கு வந்ததும் ஒரு வரி எழுது.

மாமா

---

பஹ்ரைன்
3 மே 2024

மாமா,

நான் உயிரோட இருக்கேன். எல்லை தாண்டிட்டோம்னு பக்கத்து நாட்டுக்காரன் படகோட பிடிச்சி வச்சிட்டான். போனையும் பிடுங்கிட்டான், விடறப்பத்தான் திருப்பிக் குடுத்தான். இன்னிக்குத்தான் திரும்பி வந்தோம். உங்க ரெண்டு கடிதம், அம்மா கடிதம், எல்லாத்தையும் ஒண்ணா படிச்சேன்.

அம்மா எழுதினதை இதோட அனுப்பறேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எழுதியிருக்கு. சொல்லாம இருக்க முடியாது.

அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல மாமா. பலகையை அது பாக்கவே இல்ல. முன்னாடி நின்னவங்க சொன்னதைக் கேட்டு மனப்பாடமா சொல்லியிருக்கு. தெரியுதுன்னு சொன்னாத்தான் ஆபரேஷன்னு நினைச்சிருக்கு. நீங்க பரீட்சைன்னு சொல்லியிருக்கீங்க.

சுமலதா போனை எடுக்கல. அம்மா போனு அணைச்சிக் கெடக்கு. இதைப் படிச்ச உடனே கிளம்புங்க. வரிசை, மதிப்பெண் எதையும் பாக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சிக் கேக்கறேன்.

கலை

---

புதுச்சேரி
8 மே 2024

அன்புள்ள கலைச்செல்வனுக்கு,

நீ பத்திரமாகக் கரை சேர்ந்ததில் பெரிய ஆறுதல். சரியாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்.

உன் கடிதம் கிடைத்த அன்றே ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். தலைவலியும் வாந்தியும் இருந்தன, இப்போது குறைந்திருக்கிறது. சுமலதாவும் கூட இருக்கிறாள். அறையில் நல்ல காற்று வருகிறது. சாப்பாடு இங்கேயே தருகிறார்கள். அக்கா இட்லி சாப்பிட்டாள். நீ கிடைத்துவிட்டாய் என்று சொன்னதும் அழுதாள்.

டாக்டர் சத்யப்பிரியா மிகவும் நல்லவர்.

மாமா

---

பஹ்ரைன்
16 மே 2024

மாமாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க உடம்பைக் கேக்க மறந்துட்டேன், எப்படி இருக்கீங்க?

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். காத்து வருதுன்னு இருக்கு, இட்லின்னு இருக்கு. கண்ணைப் பத்தி ஒரு வரி இல்ல.

அம்மாகிட்ட போன்ல பேசினேன். நல்லா இருக்கேன், நீ தாடிய எடுத்துட்டியான்னு கேக்குது. சுமலதாகிட்ட குடுக்கச் சொன்னா அது அழுதுட்டு வச்சிடுது. டிக்கெட்டுக்கு முதலாளிகிட்ட கேட்டேன், பாஸ்போர்ட்டைக் குடுக்க மாட்டேங்கறான்.

எதுவா இருந்தாலும் எழுதுங்க. வழக்கம்போல எண் போட்டாவது எழுதுங்க.

கலை

---

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
4 ஜூன் 2024

அன்புள்ள கலைச்செல்வனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து பல தாள்களைக் கிழித்தேன். எண் போட வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் போனபோது அக்கா தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தாள். வலது கண் சிவந்து கல்லாக இருந்தது. புரை உப்பிக் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டது, அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிவிட்டது என்று டாக்டர் பிறகு விளக்கினார். தலைவலியும் வாந்தியும் அதனால் வந்தவைதான். உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். பித்தம் என்று நினைத்து மருந்துக்கடை மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். சுமலதா எவ்வளவு கெஞ்சியும் கண் வலியை மட்டும் யாரிடமும் சொல்ல விடவில்லையாம். "கண்ணு சீக்காப் போச்சின்னு தெரிஞ்சா பேர எடுத்துடுவாங்கடீ" என்றாளாம். உன் கடிதம் வந்த அன்று அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றாகிவிட்டிருந்தன.

அழுத்தம் குறையட்டும் என்று மருந்து கொடுத்து, பிறகு புரையை எடுத்தார்கள். வலி போய்விட்டது. அவ்வளவுதான் பலன்.

கட்டைப் பிரித்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் டார்ச்சைக் கண்ணருகில் பிடித்து, வெளிச்சம் தெரியுதாம்மா என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பலகைய காட்டுங்க" என்றாள்.

அந்த அறையில் பலகை கிடையாது. எதிரே ஜன்னல் மட்டும்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவளே தொடங்கிவிட்டாள்.

"மேல. கீழ. கடல் பக்கம். ஊரு பக்கம். திரும்பக் கீழ."

ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டிக் காட்டினாள். கடல் பக்கம் என்று அவள் காட்டிய கை பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையில் நின்றது. யாரும் நிறுத்தவில்லை. இந்த முறை கடைசி வரியையும் விடாமல் சொன்னாள். முடித்துவிட்டு, நான் கடைசியாகப் பேசின இடத்தை நோக்கி முகத்தைத் திருப்பி, "பாசா தம்பி?" என்றாள்.

எனக்குக் காது மந்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்காதவன் போல நின்றேன். அவள் இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

பாஸ்தான் அக்கா என்றேன்.

அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். சுமலதா சோறு வைக்கிறாள், நானும் வாரத்தில் பாதி நாள் அங்கேதான். உன் படத்தைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறாள். தாடி நன்றாகத்தான் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டவில்லை. இனி ஒவ்வொருவருக்கும் பலகையைத் திருப்பி மாட்டப்போவதாகச் சொன்னார். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலை, ஜனவரியில் உனக்கு எண் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். உன் போனில் இன்னும் இருக்கும். அதில் முதலாவதும் இரண்டாவதும் சரியா என்று எனக்கு இப்போது தெரியவில்லை, டாக்டர் சரி என்கிறார். மூன்றாவது, பலகை பொய் சொல்லாது என்றது, தவறு.

மாமா
கலியபெருமாள்